ஒரு தாளில் ஓர் உடல்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பெரியோர் வாக்கு. சித்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். சுவரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நம் உடம்பாகிய சுவருக்குள் என்ன இருக்கிறது என்ற நினைவு, ஒரு போட்டி அறிவிப்பு வந்தால்தான் நம் போன்ற மாணவியருக்கு வருகிறது. பள்ளிகளுக்கிடையே நடைபெறும் உடற்கூறியல், உடலியங்கியல் போட்டிக்குப் பத்தாம் வகுப்பு மாணவியர் குறிப்புகள் தயாரிக்க வேண்டும் என்று அறிவியல் ஆசிரியை கூறியதும், எங்கள் வகுப்பில் எழுந்த முதல் கேள்வி, "டீச்சர், குறிப்பு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். எப்படி எழுதுவது என்று எவரும் கேட்கவில்லை. எங்கே கிடைக்குமாம்!

கிடைக்காமல் என்ன? காஞ்சிபுரம் போனால் கடைகளில் கையேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கைபேசியைத் திறந்தால் நூறு பக்கம், இருநூறு பக்கம் என்று வந்து விழுகிறது. முன்பு படித்த அக்காமார் எழுதிய நோட்டு ஒன்று, அவர்களுக்கு முந்திய அக்காமார் நோட்டைப் பார்த்து எழுதப்பட்டது, ஓரம் கிழிந்து கைக்குக் கை மாறி வருகிறது. அதில், "தமனியில் நல்ல இரத்தம் ஓடும், சிரையில் கெட்ட இரத்தம் ஓடும்" என்று சிவப்பு மையில் அடிக்கோடு இட்டு எழுதியிருக்கிறது. நுரையீரல் தமனி இதயத்திலிருந்து நுரையீரலுக்கு எடுத்துச் செல்வது ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை அல்லவா? இதயத்தை விட்டு வெளியே கொண்டு செல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டு வருவது சிரை என்பதே சரியான பேதம். ஒருவர் ஒருமுறை எழுதிய பிழை, அடிக்கோட்டோடு சேர்ந்து ஆண்டுதோறும் நகல் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. பார்த்து எழுதுவதில் உள்ள ஆபத்து இதுதான். எழுதும் கைக்கு வேலை உண்டு, மூளைக்கு விடுமுறை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போட்டிக்கான குறிப்பு வாங்கும் பொருளன்று, செய்யும் பொருள். அது நம் கையால், நம் தமிழில், ஒரே ஒரு தாளில் அடங்கும்படி எழுதப்பட வேண்டும். போட்டி நடத்துவோரும் அந்தத் தாளை உள்ளே கொண்டுவர நம்மை அனுமதிக்க வேண்டும்.

"தாளைப் பார்த்து எழுதுவதா? அதற்குப் பெயர் காப்பி அல்லவா?" என்று சிலர் புருவத்தை உயர்த்தக் கூடும். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சயன்ஸ் ஒலிம்பியாட் என்னும் அமைப்பு பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் போட்டிகளில் உடற்கூறியல், உடலியங்கியலும் ஒன்று. குழுவுக்கு இருவர். அவர்கள் ஒரே ஒரு தாளை, இருபுறமும் நிறைய எழுதி, தேர்வு அறைக்குள் கொண்டு செல்லலாம் என்பது விதி. எந்தெந்த உறுப்பு மண்டலங்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். தாள் கையிலே இருக்கிறதே, பிறகு என்ன கவலை என்று எண்ணக் கூடாது. "மனித உடலின் மிகச் சிறிய எலும்பு எது?" என்று கேட்டால் தாளைப் பார்த்து "அங்கவடி" என்று சொல்லிவிடலாம் என்பதால், அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்பதில் பொருளே இல்லாமல் போகிறது. கேட்பவர் வேறு கேள்வி கேட்டாக வேண்டும். ஒரு நோயாளிக்கு இன்ன அறிகுறி இருக்கிறது, எந்த உறுப்பில் கோளாறு, ஏன் என்று கேட்க வேண்டும். கிளிப்பிள்ளைக்கு அங்கே வேலையில்லை.

மேலும், இடம் குறைவாக இருந்தால்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்று மனம் தேடத் தொடங்குகிறது. இதை நம் உத்திரமேரூர்க்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே பராந்தக சோழர் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, எத்தனை நாள் பதவி என்பதெல்லாம் அதில் உண்டு. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழர் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றி அது கூறுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் இன்னின்னவை என்று வரிசையாக வருகிறது. அரசரின் புகழ் பாடும் பகுதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதுவும் ஒரு குறிப்பேடுதான். உளி பிடித்தவன் தேவையற்ற சொல்லை வெட்டுவானா? ஒவ்வோர் எழுத்துக்கும் அவன் கை வலித்திருக்கும். எங்களுக்கும் ஒரு தாள்தான் கல்.

எங்களில் பத்துப் பேர் இதில் இறங்கினோம். யார் எந்த மண்டலத்தை எழுதுவது என்பதில் சண்டை வரும் போலிருந்ததால், நம் ஊர் வழக்கப்படியே குடவோலை போட்டுவிட்டோம். ஓலைக்குப் பதில் துண்டுத்தாள். குடத்துக்குப் பதில் ஆய்வுக்கூடத்துப் பெரிய பீக்கர். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து எடுத்துக் கொடுத்தாள். எலும்பு வந்தவள் மகிழ்ந்தாள், ஏனென்றால் அது பட்டியல்தான்: பிறந்த குழந்தைக்கு 270க்கும் மேல், வளர்ந்தவருக்கு 206, ஒரு கையில் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 27. நாளமில்லாச் சுரப்பி வந்தவள் முகம் சுருங்கிற்று. இனப்பெருக்க மண்டலம் வந்தவள் துண்டுத்தாளை மடித்து வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இதயத்தைப் பற்றி எழுதுவதற்காக, கறிக்கடையில் வாங்கிய ஆட்டின் இதயம் ஒன்றை ஆசிரியையின் முன்னிலையில் பிளந்து பார்த்தோம். ஆட்டுக்கும் நம்மைப் போலவே நான்கு அறைகள். சைவத் தோழியர் இருவர் கதவருகிலேயே நின்றுவிட்டனர். ஆனால் எல்லாரையும் விட நல்ல கேள்வி அங்கிருந்துதான் வந்தது: "இடது கீழறையின் சுவர் மட்டும் ஏன் இத்தனை தடிப்பு?" வலது கீழறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்பினால் போதும், இடது கீழறையோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். எங்கள் தாளில் இதற்கு இரண்டே வரி: "வலது – அடுத்த வீடு வரை. இடது – ஊர் முழுவதும்." நூறு பக்கக் கையேட்டில் இந்த இரண்டு வரி இல்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

வால்வுக்கு எங்கள் ஏரி மதகை உவமையாக எழுதலாம் என்றாள் ஒருத்தி. மதகைத் திறக்க ஆள் வேண்டும். இதய வால்வைத் திறப்பதும் மூடுவதும் இரத்தத்தின் அழுத்தமே, ஆகவே உவமை பொருந்தாது என்றாள் இன்னொருத்தி. அரைமணி நேரம் வாதம் நடந்தது. முடிவில் மதகை அடித்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு, காவலாள் இல்லை" என்று எழுதினோம். அந்த அரைமணி நேரத்தில் வால்வைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டதை எந்தக் கடையில் விலைக்குத் தருவார்கள்? அதுபோலவே, ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு என்பதைப் பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர் வருகிறது. 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் 20 குடம். தண்ணீர் எடுக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மறக்கவே மறக்காது!

இனி மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறிப்புத் தமிழில் இருக்க வேண்டும் என்கிறோம். அது எளிதென்று சொல்லவில்லை. நம் வீடுகளில் "நரம்பு" என்ற ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது, பாருங்கள். ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை என்கிறார்கள், அது சிரை. காலில் நரம்பு இழுக்கிறது என்கிறார் பாட்டி, அது தசைப்பிடிப்பு. மூளையிலிருந்து செய்தி கொண்டு செல்லும் உண்மையான நரம்புக்கு மிச்சம் இருப்பது அதே சொல்தான். "வயிறு" என்றால் இரைப்பையா, குடலா, கருப்பையா? மூன்றும்தான். ஆகவே தாளில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று முதலில் வரையறுத்துக்கொண்டோம். மறுபுறம், புத்தகத்தில் விறைப்பாக நிற்கும் சில சொற்களுக்கு ஊரில் உயிருள்ள பெயர் இருக்கிறது. மண்ணீரல் என்று நாம் மனப்பாடம் செய்வதைத்தான் கறிக்கடைக்காரர் "சுவரொட்டி" என்கிறார். சிறுநீரகம் அவருக்குக் "குண்டிக்காய்". தாளில் இரண்டு பெயரையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறோம்.

தமிழில் உடற்கூறு எழுதுவது புதிதுமன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்கர் 1847இல் அங்கு வந்து சேர்ந்தார். தம் மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூறியலுக்கு அவர் இட்ட பெயர் "அங்காதிபாதம்", உடலியங்கியலுக்குச் "சுகரணவாதம்". இவை அடங்கிய முதல் நூல் 1857இல் வெளிவந்தது. லண்டனில் ஹென்றி கிரே எழுதி 1858இல் வெளியான புகழ்பெற்ற உடற்கூறு நூலைத் தழுவி "மனுஷ அங்காதிபாதம்" 1872இல் வந்துவிட்டது. சொல் இல்லாத இடத்தில் முதலில் தமிழில் தேடுவது, கிட்டாவிட்டால் வடமொழியில் தேடுவது, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை. 1873இல் தாய்நாடு திரும்பிய பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. 1884இல் காலமானார். "மெடிக்கல் எவாஞ்சலிஸ்ட் டு தி தமிழ்ஸ்" என்று தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம்.

கிரீனுடைய சொற்களை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சுகரணவாதம் என்றால் இன்று யாருக்குப் புரியும்? அவருடைய முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். அவருக்குப் பின் ஆங்கில வழி மருத்துவக் கல்வியே நிலைத்தது என்பதும் உண்மை. இலங்கைத் தமிழர் இன்றும் தமனியை "நாடி" என்றும் சிரையை "நாளம்" என்றும் பாடப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். நாமோ நாடி என்றால் மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பதைச் சொல்கிறோம், நாளம் என்றால் எல்லாக் குழாயையும் சொல்கிறோம். ஒரே மொழியில் இத்தனை வேறுபாடு இருக்கையில், போட்டி நடத்துவோர் எந்தச் சொற்பட்டியலைக் கொள்ளப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"நாளைக்கு மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலம்தானே? தமிழில் குறிப்பு எழுதி என்ன பயன்?" என்று எங்கள் வீடுகளிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தாளின் வலது ஓரத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, ஸ்டெர்னம், ஃபீமர், ஆல்வியோலை என்று ஆங்கிலப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பெயர் கற்பது ஒரு வாரத்து வேலை. ஆனால் நெஃப்ரான் எப்படி வடிகட்டுகிறது, நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிந்தும் ஏன் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வருகிறது என்பதை யோசிக்கும்போது, நாம் எந்த மொழியில் யோசிக்கிறோம்? நீட் தேர்வையே 2017 முதல் தமிழில் எழுத முடிகிறது. முன்பு ஒரு போட்டியில் கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொல்லத் தொடங்குவதற்குள் வேறொரு குழு மணியை அடித்துவிட்டது. விடை எங்களுக்கும் தெரியும். வேகம் குறைந்தது எங்கள் மூளையிலா, அந்த ஏற்பாட்டிலா?

இப்போது அந்த மடித்து வைத்த துண்டுத்தாளுக்கு வருகிறோம். முதல் வரைவில் எல்லா மண்டலங்களுக்கும் கட்டம் போட்டபோது, இனப்பெருக்க மண்டலத்துக்குக் கட்டம் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். "அதிலிருந்து கேள்வி வராது", "வந்தாலும் மேடையில் யார் பதில் சொல்வது?" என்றெல்லாம் காரணம் வந்தது. பாடப் புத்தகத்தில் இருக்கும் பாடம்தான்; பொதுத்தேர்வில் கேட்கும் பாடம்தான். ஆனாலும் அந்தப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்துவிடாத குறைதான். 1875ஆம் ஆண்டில்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகப் பெண்கள் நால்வர் சேர்க்கப்பட்டார்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1907இல் அதே கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அவர்கள் அந்தப் பக்கங்களைத் திறந்ததால்தான் எத்தனையோ தாய்மார் பிழைத்தார்கள். அவர்கள் திறந்ததை நாம் மூடுவதா?

கட்டம் போட்டே தீர்வது என்று முடிவு செய்தோம். எழுதத் தொடங்கியபோது ஒரு விந்தை கண்டோம். மாதவிலக்கைப் பற்றி எழுதினால் இரத்தத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இரத்தத்தை எழுதினால் உணவை எழுதாமல் முடியவில்லை. ஒரு மாதவிலக்கில் சராசரியாக 30 முதல் 40 மில்லி இரத்தம் வெளியேறுகிறது. ஒரு மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு. ஆக மாதந்தோறும் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு நம்மை விட்டுப் போகிறது. பையன்களுக்கு இந்தச் செலவு இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், மூன்றாம் பீரியடில் தலை கிறுகிறுப்பதும், "பெண்பிள்ளைகள் என்றால் அப்படித்தான்" என்று தள்ளிவிடும் காரியமா?

வாரம் ஒருமுறை நமக்குத் தரப்படுகிறதே நீலநிற மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதை வாயில் போட்டுக்கொள்வது போல் பாவனை செய்து ஜன்னல் வழியே எறிபவர்கள் எத்தனை பேர் என்று இங்கே எழுதினால் ஆசிரியையின் கோபத்துக்கு ஆளாவோம், எழுதவில்லை. மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயப்படுகிறார்கள். உடம்பு உறிஞ்சாமல் விட்ட இரும்பின் நிறம் அது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும். உடனே டீ குடித்தால் இரும்பு சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் நன்றாகச் சேரும். இவை எல்லாம் போட்டியில் கேட்கப்படுமோ, கேட்கப்படாதோ, எங்களுக்குக் கவலையில்லை. தாளின் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம். வெளுத்துப் போன பேத்திக்குச் சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுக்கும் பாட்டிமாரின் வைத்தியத்தையும் அங்கேயே ஓரத்தில் எழுதினோம். மண்ணீரலில் இரும்பு மிகுதி என்பதைப் பாட்டிமார் எந்தக் கையேட்டில் படித்தார்களோ!

துண்டுத்தாள் மடித்து வைத்திருந்த அந்தத் தோழிதான் இந்தப் பகுதியை எழுதினாள். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு வாசித்துக் காட்டவும் அவளே போனாள். அங்கு ஒரு சிறுமி எழுந்து, "அக்கா, எனக்கு மாதம் இருமுறை வருகிறதே, அது சரியா?" என்று கேட்டாளாம். நாற்பது பேர் முன்னிலையில் அந்தக் கேள்வி எழுந்தது. டாக்டர் அம்மாவிடம் காட்ட வேண்டும், அம்மாவிடம் இன்றே சொல் என்று இவள் பதில் கூறினாள். அந்தக் குழந்தை இத்தனை நாள் யாரிடமும் கேளாமல் இருந்திருக்கிறது.

போட்டி நடத்தும் பெரியோருக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டுதான். கையால் எழுதிய ஒரு தாளை அனுமதியுங்கள். அச்சிட்டதையும் நகல் எடுத்ததையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையை எல்லாக் குழுக்களிடமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், தாளை வெளியே வைத்துவிட்டு உள்ளே போவோம். எழுதியதால் பெரும்பாலானவை ஏற்கெனவே தலைக்குள் ஏறிவிட்டன.

தாளின் பின்புறம், இடது மூலையில், தீப்பெட்டி அளவு இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அது தனக்குத்தான் வேண்டும் என்கிறாள் சிறுநீரகம் எழுதியவள். கண்ணின் படம் போடத் தனக்கு அந்த இடமே போதாது என்கிறாள் மற்றவள். மறுபடியும் பீக்கரைக் கழுவி வைத்திருக்கிறோம்.